உங்கள் மகனைத் தேடி மூன்று இசைவிழாக்கள் பார்த்த வகையில்

எஸ்வாத்தினி, பிக்ஸ் பீக் மலையடிவாரம்,
ஒரு கூடாரத்திலிருந்து.
ஞாயிற்றுக்கிழமை, சபையில் இருந்திருக்க வேண்டிய நேரம்.

எக்வெண்டேனி ஊர், சவூலா வீட்டு எஜமானியும், ஒரு மகனைப் பெற்று என் மகள் கையில் ஒப்படைத்துவிட்டு அதன் பிறகு நிம்மதியாக உறங்கிவருகிறவருமான சம்பந்தியம்மா நியாஹரவா அவர்களுக்கு, முசூசு ஊர் நியாலுஹாங்கா முழங்கால் மடித்து எழுதிக்கொள்வது. ஆண்டவர் கிருபையால் நான் இங்கே உயிரோடு இருக்கிறேன். மூக்கு மட்டும் அடைத்திருக்கிறது. அங்கே நீங்களும், உங்கள் வீட்டுக்காரரும், அவருடைய இடுப்பு வலியும், ஆடு கோழிகளும் சௌக்கியம் என்று நம்புகிறேன். சௌக்கியமாக இல்லாமல் எப்படி இருக்கும்? அலைச்சல் எல்லாம் என்னுடையதாயிற்றே.

விஷயத்துக்கு வருகிறேன். ஜனவரிப் புயலில் என் வீட்டுக் கூரைத் தகடுகள் பறந்ததும், அதில் ஒன்று பள்ளிக்கூடத்து மாமரத்தில் போய்த் தொங்கியதும் உங்களுக்குத் தெரியும். மாவட்டம் முழுக்கக் கூரை போடுகிற உங்கள் வீட்டுக்காரர், "மழை விடட்டும், பார்க்கலாம்" என்று சொல்லியனுப்பியதும் தெரியும். மழை விட்டது. மண் காய்ந்தது. மாமரம் பூத்துக் காய்த்தும் விடும் போலிருக்கிறது. அவர் பார்த்தபாடில்லை. வேறு போக்கிடம் இல்லாமல், ஆசிரியை வேலை பார்க்கிற என் மகள் லுசுங்கு வீட்டில் போய் இருந்தேன். மாப்பிள்ளை வீட்டில் மாமியார் தங்குவது நம் பக்கத்தில் நடக்காத காரியம். மாமியாரும் மாப்பிள்ளையும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கக் கூடாது, நேருக்கு நேர் பேசக் கூடாது, பெயரைச் சொல்லக் கூடாது, ஒரே இடத்தில் உட்கார்ந்து சாப்பிடக் கூடாது என்பதெல்லாம் நான் உங்களுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. சொல்வது எதற்கென்றால், அதில் ஒன்றையாவது நான் மீறினேன் என்று யாராவது வந்து உங்களிடம் ஓதினால் நம்பாதீர்கள் என்பதற்காகத்தான். அந்த வீட்டில் நான் இருந்த சுவடே யாருக்கும் தெரியாது. காற்றுக்காக முன்வாசலில் ஒரு நாற்காலியைப் போட்டுக்கொண்டு, காலையிலிருந்து இருட்டும்வரை பைபிளும் கையில் பின்னலுமாக உட்கார்ந்திருப்பேன், அவ்வளவுதான்.

இப்படி நான் யாருக்கும் தொந்தரவில்லாமல் இருந்துவருகையில், தண்ணீர் அலுவலகத்தில் மீட்டர் பார்க்கிற வேலையில் இருக்கும் உங்கள் அருமை மகன், லிலோங்வேயில் ஏதோ பயிற்சி என்று மனைவியிடம் சொல்லிவிட்டுப் போனார். பயிற்சி முடிகிற வழியாக இல்லை. கேட்டால் லுசுங்கு, "வந்துடுவாரும்மா, பெரிய பயிற்சி" என்பாள். பிறகு ஒருநாள் எங்கள் மாதர் சங்கத்துச் செயலாளர் தன் கைபேசியை என் மூக்குக்கு நேரே நீட்டினார். அதில் ஒரு விளம்பரப் படம். 'மலை ஆவிகள்' என்ற இசைக்குழு. நடுவில் இடுப்பில் சிறுத்தைத்தோலும், முகத்தில் சுண்ணாம்புமாக, பேயோட்டுகிற முரசை அணைத்துக்கொண்டு ஒருவர் பல்லைக் காட்டுகிறார். 'தலைமுறை தலைமுறையாகக் காட்டில் வாழும் முரசுப் பூசாரி' என்று கீழே போட்டிருந்தது. மாப்பிள்ளை முகத்தைப் பார்க்கக் கூடாதே என்று கண்ணை மூடிக்கொண்டேன். ஆனால் அதற்குள் சிறுத்தைத்தோலைப் பார்த்துவிட்டேன். அது தோல் இல்லை, சம்பந்தியம்மா. கல்யாணத்துக்கு நான் வாங்கிக் கொடுத்த புள்ளிக் கம்பளி. ஓரத்துச் சிவப்புப் பட்டையைக்கூட வெட்டி எடுக்கவில்லை. காட்டில் வாழ்கிறவராம்! எக்வெண்டேனி மிஷன் ஆஸ்பத்திரியில் பிறந்து, சபைப் பாட்டுக்குழுவுக்குப் பொருளாளராக இருந்து, காட்டுப்பக்கம் ஒருமுறை போனதற்கே காலில் முள் தைத்து ஊசி போட்டுக்கொண்ட பிள்ளை!

படத்தில் அவர் பக்கத்தில் ஒரு வெள்ளைக்காரப் பெண் வேறு நின்றிருந்தாள். பெயர் பிர்கிட். டென்மார்க்காரி. குழுவை நடத்துகிறவளாம். வீட்டுக்குப் போய்ச் சொன்னபோது லுசுங்கு தலையைக் குனிந்துகொண்டு காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். என் பெண்ணின் வாழ்க்கை போய்விட்டது என்று முடிவுகட்டிவிட்டேன். மாதர் சங்கம் கூடி ஜெபித்து, என்னை வழியனுப்பி வைத்தது. சங்கச் சீருடையிலேயே கிளம்பினேன். வெள்ளைத் தலைத்துணி, வெள்ளைச் சட்டை, கறுப்புப் பாவாடை. வழியில் யாரும் வாலாட்ட மாட்டார்கள் என்பதற்காக.

முதல் விழா நம் ஏரிக்கரையில், சிந்தேச்சே பக்கம். இசைவிழா என்றால் நான் ஏதோ ஆராதனை மாதிரி வரிசையாகப் பெஞ்சு இருக்கும் என்று நினைத்திருந்தேன். பெஞ்சாவது மண்ணாங்கட்டியாவது. மணலில் ஜனங்கள் பிடித்துப்போட்ட மீன் மாதிரி கிடந்தார்கள். எங்கெங்கோ கடல் தாண்டி வந்தவர்கள் ஏரியைப் பார்த்துக்கூடப் படுக்கவில்லை. எல்லாருக்கும் முதுகுப்பக்கம்தான் ஏரி. வாசலில் மாட்டுக்குக் காது குத்துகிற மாதிரி ஒவ்வொருவர் கையிலும் ஒரு பட்டையைக் கட்டி, அதை வெட்டினால் மறுபடி உள்ளே வர முடியாது என்றார்கள். குளிக்கும்போது என்ன செய்வது என்று கேட்டேன். கட்டிய பெண் என்னை இரக்கத்தோடு பார்த்து, "இங்க யாரும் குளிக்கறதில்லம்மா" என்றாள். சொன்னது உண்மைதான் என்று உள்ளே போனதும் மூக்குக்குத் தெரிந்தது. அப்போது அடைத்திருக்கவில்லை.

அதைவிட, என் சீருடையைப் பார்த்துவிட்டு ஒரு கூட்டமே என்னைச் சூழ்ந்துகொண்டது. சடைமுடி வளர்த்த ஒரு மனிதர், கேட்டால் தன் ஊரில் கணக்குத் தணிக்கை செய்கிறவராம், கையைக் கூப்பிக்கொண்டு என் எதிரே வந்து நின்றார்.

"தாயே, இந்த உடை எந்த இனக்குழுவோடது?"

"பிரஸ்பிட்டேரியன்" என்றேன்.

அவர் அதைக் குறித்துக்கொண்டார்.

முரசுச் சத்தம் கேட்டது. கூட்டத்தை விலக்கிக்கொண்டு மேடைக்கு முன்னால் போய், முறைப்படி முகத்தைத் திருப்பிக்கொண்டு, முதுகைக் காட்டி நின்று தொண்டையைக் கனைத்தேன். உங்கள் மகனை ஒன்றுக்கு மட்டும் பாராட்ட வேண்டும், வளர்ப்பு வீண்போகவில்லை. அத்தனை சத்தத்திலும் மாமியார் கனைப்பு அவருக்குக் கேட்டுவிட்டது. முரசு நின்றது. பிறகு என்ன நடந்தது என்று நான் பார்க்கவில்லை, பார்க்கவும் கூடாது. பக்கத்தில் நின்றவர்கள் சொல்லித்தான் தெரியும். முரசுக்குப் பின்னால் விழுந்து, முழங்காலால் தவழ்ந்து, மேடையின் பின்பக்கமாக இறங்கி, ஒரு மீன்காரரின் தோணியில் ஏறிப் படுத்துக்கொண்டு, "தள்ளுங்க, தள்ளுங்க" என்றாராம். சுண்ணாம்பு முகத்தோடு. ஜனங்கள் அதற்குக் கைதட்டினார்கள். தணிக்கைக்காரர் கண்ணீர் விட்டார், "ஆவி தண்ணிக்குத் திரும்பிப் போயிடுச்சு" என்று. ஆவியல்ல அப்பா, அது எங்கள் வீட்டு மாப்பிள்ளை என்று சொன்னால் கேட்கிற நிலையில் அவர் இல்லை.

குழு அடுத்து பெம்பா தீவுக்குப் போகிறது என்று தெரிந்தது. நானும் போனேன். எல்லையில் ஒரு பேருந்து, தார் எஸ் ஸலாமில் ஒரு பேருந்து, அதன் பிறகு கப்பல். கப்பலில் நான் பட்ட பாட்டைக் கண்ணியத்தை முன்னிட்டு எழுதவில்லை. பக்கத்தில் இருந்த புர்கா அணிந்த பெண்மணி ஒருத்தி தன் ஆரஞ்சுப்பழத் தோலை என் மூக்கில் பிடித்து, "மூச்ச இழுங்கம்மா, கண்ணைத் திறக்காதீங்க" என்று கரை சேரும்வரை சொல்லிக்கொண்டே வந்தாள். முதல் இரண்டு விழாக்களிலும் சேர்த்து நான் சந்தித்த ஒரே உபயோகமான ஆள் அவள்தான். அவள் விழாவுக்கு வந்தவள் அல்ல, மாமியார் வீட்டுக்குப் போகிறவள்.

ஏரிக்கரை விழாவைப் பற்றி நான் மேலே எழுதியதில் கொஞ்சம் வாபஸ் வாங்கிக்கொள்ளலாமா என்று தோன்ற வைத்தது தீவு விழா. அங்கே மணல் என்றால் இங்கே வேர்வை. அங்கே குளிக்காதவர்கள் என்றால் இங்கே ஐந்து வேளையும் கடலில் குளித்துவிட்டு, உப்போடு அப்படியே வந்து மேலே உரசுகிறவர்கள். நிகழ்ச்சி நிரலில் போட்டது எதுவும் போட்டபடி நடக்கவில்லை. மின்சாரம் போனது, வந்தது, போனது. 'உண்மையான ஆப்பிரிக்கத் தாளம்' என்று ஒரு குழு வாசித்தது. ஆறு பேரும் பெல்ஜியத்துக்காரர்கள். நடுவில் ஒரு பந்தலில் தாடிக்காரர் ஒருவர் உரலும் உலக்கையும் வைத்துக்கொண்டு பயிற்சி வகுப்பு நடத்தினார். 'உலக்கை வழியே உடலைக் கண்டடைதல்'. வரிசையில் நின்று வெள்ளைக்காரப் பெண்கள் குத்தினார்கள். நான் எட்டிப் பார்த்தேன். உரலில் மக்காச்சோளமே இல்லை! வெறும் உரல்! காற்றைக் குத்திக்கொண்டிருக்கிறார்கள்! எனக்குப் பொறுக்கவில்லை. உலக்கையை வாங்கி, எப்படிக் குத்துவது என்று காட்டினேன். தாடிக்காரர் என் முழங்கையைத் தொட்டு, "அம்மா, தோளை இறுக்கமா வெச்சிருக்கீங்க. உங்க உடம்பு எதையோ சுமந்துட்டிருக்கு" என்றார். ஆமாம் தம்பி, ஐந்து பிள்ளைகளைச் சுமந்தது, ஆற்றிலிருந்து தண்ணீர் சுமந்தது, இப்போது உன்னையும் சுமக்கிறது என்று சொல்லி உலக்கையை அவர் கையில் திணித்துவிட்டு வந்தேன்.

அங்கேதான் அந்த பிர்கிட் என்னைத் தேடி வந்தாள். நான் நினைத்த மாதிரி இல்லை. என் வயதில் பாதிகூட இருக்காது என்று நினைத்தால், என்னைவிட மூத்தவள். பாதவெடிப்பு வேறு. வாயைத் திறந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நீங்கதான் மபோபாவோட மாமியாரா? உங்களைப் பத்தித்தான் அவன் எப்பவும் பேசறான். உங்களுக்குள்ள என்ன பிரச்சினைன்னு எனக்குத் தெரியாது. ஆனா எதுவா இருந்தாலும் ஒரே மேசையில உட்கார்ந்து, கண்ணோட கண் பார்த்துப் பேசினாத் தீர்ந்துடும்."

கண்ணோடு கண்! எனக்கும் மாப்பிள்ளைக்கும்! என்ன சொல்கிறாள் என்று எனக்கு உறைப்பதற்குள் ஒரு சாப்பாட்டுக் கடைக்குள் அழைத்துப்போய், மேசையில் உட்கார வைத்து, வாழைப்பழப் பொரியலையும் மீனையும் வரவழைத்துவிட்டாள். "ஒரு நிமிஷம்" என்று போனவள், பின்வாசல் வழியாக அவரைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்து என் எதிர் நாற்காலியில் தள்ளினாள். "இதோ! ரெண்டு பேரும் மனசு விட்டுப் பேசுங்க!"

சம்பந்தியம்மா, நான் அந்த இடத்திலேயே செத்திருப்பேன். குடையை விரித்து முகத்துக்கு முன்னால் பிடித்தேன். அந்தப் பக்கம் ஏதோ உருளுகிற சத்தம். உங்கள் மகன் மேசை விரிப்பை மீன் தட்டோடு சேர்த்து இழுத்துத் தலைக்குமேல் போட்டுக்கொண்டார். குடைக்குப் பின்னால் நான், விரிப்புக்கு அடியில் அவர், நடுவில் டென்மார்க்.

"என்ன ஆச்சு? ஏன் இப்படிப் பண்றீங்க?" என்று அவள் கத்துகிறாள்.

"அம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்க" என்று விரிப்புக்கு உள்ளேயிருந்து குரல்.

"நீயே சொல்லேன், இங்கதானே இருக்காங்க!"

அடுப்பங்கரை வழியாக ஓடியவர் விரிப்பைத் திருப்பித் தரவில்லை என்று கடைக்காரர் என்னிடம் சண்டைக்கு வந்தார். பிர்கிட் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். அப்போதுதான் எனக்குக் கொஞ்சம் நிம்மதி. மாப்பிள்ளையைக் கவர்ந்துபோகிற அளவுக்கு இவளுக்குச் சாமர்த்தியம் கிடையாது. அவர் இவளிடமிருந்து தப்பி ஓடவில்லை. என்னிடமிருந்து ஓடுகிறார். ஏன் ஓடுகிறார்? முறைக்காகவா? முறைக்கு இவ்வளவு தூரம் ஓட வேண்டியதில்லையே, ஒரு மரத்துக்குப் பின்னால் நின்றால் போதுமே. அது எனக்குள் முள்ளாகக் குத்திக்கொண்டே இருந்தது. அந்த முள்ளோடு முசூசு வந்து, லுசுங்கு முகத்தைப் பார்த்துவிட்டு, அவள் "வந்துடுவாரும்மா" என்று பழைய பாட்டையே பாடியதால், குழு போன திசையில், தெற்கே போகிற பேருந்தில் ஏறினேன்.

மூன்றாவது விழா இதோ, நான் உட்கார்ந்திருக்கிற இந்த மலையடிவாரத்தில். மேலே எழுதிய இரண்டையும் சேர்த்துக் கட்டினாலும் இதற்கு உறைபோடக் காணாது. அங்கே ஒழுங்கில்லை என்று திட்டினேன். இங்கே ஒழுங்கே வியாதியாகிவிட்டது. குப்பைக்கு ஏழெட்டு நிறத்தில் தொட்டி, எதில் எதைப் போடுவது என்று சொல்ல ஒரு பெண். சோளக்களி விற்கிற கடையில் களியைத் தட்டில் காசு அளவுக்கு வைத்து, மேலே ஒரு பூ. பூவைச் சாப்பிட வேண்டுமாம். மனம் சோர்ந்தவர்கள் படுத்துக்கொள்ள ஒரு தனிக் கூடாரம். இவ்வளவு குளிரில் யாருக்கு மனம் தனியாகச் சோரும்? எல்லாம் சேர்ந்துதான் விறைக்கிறது. என் மூக்கு இங்கேதான் அடைத்தது. ஒரு பையன் நீளக்காலணியோடு சேற்றில் படுத்துச் சிரித்துக்கொண்டிருந்தான். அவன் அம்மா மட்டும் பார்த்திருக்க வேண்டும், துவைக்கிறவள் அவள்தானே.

மேடையின் பின்பக்க வாசலில் மவூசோ என்று ஒரு காவலாளி. என் வயதுக்காரர், பெரிய தொப்பை, பெரிய மேலங்கி. நம் ங்கோனிப் பேச்சும் அவருடைய ஸ்வாசிப் பேச்சும் பெரியப்பன் சித்தப்பன் பிள்ளைகள் மாதிரி. பாதி புரியும், மீதியை ஊகித்துக்கொள்ளலாம். உள்ளே போக வேண்டும் என்றேன்.

"யாரைப் பாக்கணும்?"

"பாக்கக் கூடாது. பேசணும். என் மகளைக் கட்டினவரு உள்ள முரசு அடிக்கிறாரு."

அவர் சட்டென்று எழுந்து தொப்பியைக் கழற்றினார். "அடடா, மாமியாரா? அப்ப நீங்க ஏம்மா இந்தப் பக்கம் நிக்கறீங்க? இந்த வழியாத்தானே அவரு கக்கூசுக்கு வருவாரு! இப்படி வாங்க, இப்படி வாங்க."

மூன்று நாட்டில், இத்தனை ஆயிரம் ஜனத்தில், விளங்கச் சொல்லாமலே விளங்கிக்கொண்ட முதல் மனிதர். அவர் சாமான் வண்டியிலிருந்து ஒரு தார்ப்பாயை எடுத்து இரண்டு கம்பத்துக்கு நடுவே கட்டினார். இந்தப் பக்கம் எனக்கு ஒரு பெட்டி, அந்தப் பக்கம் ஒரு பெட்டி. நடுவில், தார்ப்பாயின் ஓரத்தில், தனக்கு ஒரு நாற்காலி. தேநீர் வேறு வாங்கி வைத்துக்கொண்டார். ஆளைக் கூப்பிட்டனுப்பினார். அந்தப் பக்கம் பெட்டி கிறீச்சிட்டது.

"ஐயா" என்றேன், தார்ப்பாயைப் பார்க்காமல் மவூசோவைப் பார்த்து, "அந்தப் பக்கம் யாராவது இருந்தா கேளுங்க. கட்டின பொண்டாட்டியத் தனியா விட்டுட்டு, கம்பளியக் கட்டிக்கிட்டு ஊர் ஊராப் பேய் ஓட்டச் சொல்லி எந்தச் சபையில சொல்லிக் குடுத்தாங்கன்னு கேளுங்க."

மவூசோ தொண்டையைச் செருமினார். "மருமகனே, பெரியவங்க நீ சௌக்கியமான்னு கேக்கறாங்க."

"நான் எங்க அப்படிக் கேட்டேன்?"

"முதல்ல அதைத்தானேம்மா கேப்பாங்க. முறைன்னு ஒண்ணு இருக்கில்ல."

அந்தப் பக்கத்துக் குரல் தழுதழுத்தது. "சௌக்கியம்னு சொல்லுங்கய்யா. அவங்களுக்குச் சளி பிடிச்சிருக்கு போலிருக்கே, மருந்து சாப்பிட்டாங்களான்னு கேளுங்க."

"சளியைப் பத்தி யாரு கேட்டா! வீட்டை விட்டு ஏன் ஓடினாருன்னு கேளுங்க."

மவூசோ இதை மட்டும் அப்படியே கேட்டார். அந்தப் பக்கம் பெட்டி மறுபடி கிறீச்சிட்டது. பிறகு உங்கள் மகன் பேசினார். முழு வாக்கியமாக அவர் பேசி நான் கேட்டதே அன்றைக்குத்தான்.

"ஐயா, நான் ஓடல. எனக்கு வீட்டுக்குள்ள போக வழி இல்ல. முன்வாசல்ல அவங்க நாற்காலி. பின்வாசல்ல அவங்க துணி காயுது, அதைத் தாண்டி நான் எப்படிப் போவேன்? மழைக்காலம் முழுக்க ஜன்னல் வழியா ஏறி இறங்கினேன். பக்கத்து வீட்டு நாய் திருடன்னு நெனச்சுக் கடிச்சுது. லுசுங்கு சோத்தை ஜன்னல்ல வெச்சுடுவா, நான் வெளிய நின்னு சாப்பிடுவேன். முரசைத் தொட்டா அவங்க ஜெபத்துக்கு இடைஞ்சல். அப்புறம் அலுவலகத்துல மேசைக்கடியில படுக்க ஆரம்பிச்சேன். பொண்டாட்டி முகத்தைப் பாக்கணும்னா ஞாயித்துக்கிழமை சபைக்குப் போகணும். அங்கயும் அவங்க எங்களுக்கு நடுவுல உட்கார்ந்திருப்பாங்க. அவங்க மேல எனக்குக் கோவமே இல்லைங்கய்யா. கூரை போன மனுஷி எங்க போவாங்க? அதான் நான் போனேன்."

மவூசோ என் பக்கம் திரும்பினார். மொழிபெயர்க்க வாயைத் திறந்தார். மூடிக்கொண்டார். தேநீரைக் கையில் எடுத்தார், குடிக்கவில்லை.

"கேட்டுச்சு" என்றேன்.

"எங்க வீட்டுலயும் ஒரு மருமகன் இருக்கான்மா" என்றார் அவர், யாரும் கேட்காமலேயே. "அவன் போகவே மாட்டேங்கறான். உங்களுதை நெனச்சு நீங்க சந்தோஷப்படணும்."

லுசுங்குவைக் கைபேசியில் கூப்பிட்டேன். அவள் எடுத்த உடனே, நான் ஒன்றும் கேட்பதற்கு முன்னாலேயே அழ ஆரம்பித்தாள்.

"நாந்தாம்மா போகச் சொன்னேன். கம்பளிய வெட்டித் தெச்சதும் நாந்தான்."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதாடி?"

"என்னன்னு சொல்றது? எழுந்திரு, நாற்காலிய எடுன்னா? அப்புறம் நீ எங்கம்மா போவ?"

இதற்கு நான் என்ன பதில் சொன்னேன் என்பது உங்களுக்குச் சம்பந்தமில்லாதது. மூக்கைச் சிந்திக்கொண்டு தார்ப்பாய்க்குப் பின்னால் அந்தப் பெட்டியிலேயே உட்கார்ந்திருந்தேன். சாயங்காலம் அவர்கள் முறை வந்தது. மேடைக்குப் பின்னால் இருந்ததால் எனக்குக் கம்பிகளும் பலகைகளும்தான் தெரிந்தன. முரசு மட்டும் கேட்டது. பெஞ்சில்லாத, குளிக்காத, பூவைத் தின்கிற ஜனங்களுக்காக அவர் அதை வீணடிக்கிறார் என்றுதான் நினைத்தேன். ஆனால் நடுவில் ஓரிடத்தில் அவர் கையை அடக்கி, மெதுவாக, ஒரு வீட்டுக் கதவை வெளியே நின்று தட்டுகிற மாதிரி அடித்தார். கதவு திறக்காது என்று தெரிந்துகொண்டே தட்டுகிற மாதிரி. அப்போது மவூசோ என் பக்கம் பார்க்காமல் தன் மேலங்கியைக் கழற்றி என் தோளில் போட்டார். குளிர்தான் காரணம்.

ஆகையால் சம்பந்தியம்மா, இசைவிழா என்பது உலகத்தில் எந்த மூலையில் நடந்தாலும் வீடு வாசல் உள்ளவர்கள் காலெடுத்து வைக்கத் தகுந்த இடமில்லை என்று மூன்றையும் பார்த்தவள் என்ற முறையில் நான் முடிவாகச் சொல்கிறேன். ஏரிக்கரையில் அழுக்கு, தீவில் உப்பு, மலையில் பாசாங்கு. இதிலிருந்து உங்கள் மகனை மீட்க ஒரே வழிதான் இருக்கிறது. தார்ப்பாய் வழியாக அவர் வாக்குக் கொடுத்திருக்கிறார், என் வீட்டில் கூரை ஏறுகிற அன்றைக்கே தன் வீட்டுக்கு வந்துவிடுவதாக. எனவே இந்தக் கடிதத்தைப் படித்து முடித்த கையோடு உங்கள் வீட்டுக்காரரை எழுப்பி, இடுப்பு வலியையும் கூடவே எழுப்பி, தகடும் ஆணியும் எடுத்துக்கொண்டு முசூசுவுக்கு அனுப்பிவைக்க வேண்டும். பெற்ற மகன் ஜன்னலில் நின்று சோறு தின்றான் என்பது எக்வெண்டேனி சபைக்குத் தெரியவந்தால் அது எனக்கு மட்டும் தலைகுனிவு இல்லை என்பதையும் பணிவோடு நினைவூட்டுகிறேன்.

உங்கள் அடுப்பு அணையாமலும், உங்கள் ஆடுகள் அடுத்தவர் தோட்டத்தில் நுழைந்து மாட்டிக்கொள்ளாமலும், உங்கள் கூரை உங்கள் தலைக்கு மேலேயே இருக்கவும் ஆண்டவரை வேண்டிக்கொள்கிறேன். பெரியவர்களுக்கு முழங்காலும், சின்னவர்களுக்கு முத்தமும்.

இப்படிக்கு,
உங்கள் மகனுக்குப் பெண் கொடுத்த
நியாலுஹாங்கா

பின்குறிப்பு: இதைத் தபாலில் சேர்ப்பதற்குள் ஒரு சின்ன மாற்றம். உங்கள் வீட்டுக்காரர் கூரைக்கு அவசரப்பட வேண்டாம். இடுப்பு பாவம். குழுவில் பின்பாட்டுப் பாடுகிற பெண் பெம்பாவிலேயே ஒரு கிராம்பு வியாபாரியைக் கட்டிக்கொண்டு நின்றுவிட்டாள். நான் பெட்டியில் உட்கார்ந்து, சும்மா சளி இளக, முரசோடு சேர்ந்து சபைப்பாட்டின் கீழ்க்குரலை முனகியதை பிர்கிட் கேட்டுவிட்டாள். முடியவே முடியாது என்றேன். மவூசோதான் யோசித்து வழி சொன்னார்: மேடைக்குப் பின்னால் ஒரு திரை, திரைக்குப் பின்னால் எனக்கு ஒரு ஒலிவாங்கி. அவர் முகம் ஜனங்களைப் பார்த்து, என் முகம் மலையைப் பார்த்து. யோசித்துப் பார்த்தால் எனக்கும் மாப்பிள்ளைக்கும் முறை கெடாமல் ஒரே இடத்தில் இருக்க முடிகிறது இந்த உலகத்தில் அங்கே மட்டும்தான். நேற்று அப்படியே நின்று பாடினேன், சேற்றில் படுத்திருந்த பையன் உட்பட எல்லாரும் எழுந்து நின்றார்கள். அடுத்தது டென்மார்க். பள்ளி விடுமுறைக்கு லுசுங்குவும் வருகிறாள். அங்கே மூன்று நாளும் விடாமல் மழை பெய்யுமாம், கூடாரம் ஒழுகுமாம், எனக்கு ஒன்றும் புதிதில்லை. நீங்களும் வருவதானால் சீக்கிரம் தெரிவிக்கவும், பிர்கிட்டிடம் சொல்லி வைக்கிறேன். உங்கள் குரல் கட்டைதான். ஆனால் திரைக்குப் பின்னால் அது யாருடையது என்று யாருக்குத் தெரியப்போகிறது?